'நான்'னு எழுதறதா, 'அவ'ன்னு எழுதறதா: நாற்பதாயிரம் வார்த்தை தாண்டி வந்த சந்தேகம்

நாவல்ல நாற்பதாயிரம் வார்த்தை எழுதினதுக்கு அப்புறம்தான் எனக்கு இந்தச் சந்தேகமே வந்துச்சு. கதைய ஒரு பொண்ணு 'நான்'னு சொல்றா. பேரு மாலதி, அப்பாவோட வீட்ட விக்கறதுக்குக் கையெழுத்து வாங்க வந்திருக்கா, நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. ஒருநாள் மொத்தமா உக்காந்து படிச்சுப் பாத்தா, அம்மணி மூணு எடத்துல கதவுக்குப் பின்னாடி நின்னு ஒட்டுக்கேக்கறா, ஒரு எடத்துல அடுத்தவங்க ஃபோன எடுத்து மெசேஜ் படிக்கறா, இன்னொரு எடத்துல கண்ணாடி முன்னாடி நின்னு "முப்பத்தெட்டு வயசுக்கு நரை ஜாஸ்திதான்"னு தனக்குத்தானே சொல்லிக்கறா. இதுல ஒண்ணுகூட அவ குணம் இல்ல. அவளுக்குத் தெரியாதத வாசகருக்குச் சொல்லிடணும்ங்கற என் அவசரத்த அவ தலையில கட்டிட்டேன், அவ்வளவுதான்.

சரி, 'அவள்'னு மாத்திடலாம்னு பாத்தா தமிழ்ல அது ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் போட்டு முடிக்கற வேலை இல்ல. பாதி வாக்கியத்துல 'நான்' இருக்கவே இருக்காது, போனேன் வந்தேன் பாத்தேன்னு வினையோட வால்லதான் ஒட்டிக்கிட்டிருக்கும், ஒவ்வொண்ணா பிடிச்சு மாத்தணும். ரெண்டு வாரம் ஆச்சு. மாத்தி முடிச்சதும்தான் பெரிய வேடிக்கை, 'போனேன்' எல்லாம் 'போனாள்' ஆயிடுச்சு, கதை அப்படியே இருந்துச்சு, ஒட்டுக்கேக்கறதும் அப்படியே இருந்துச்சு. அப்பத்தான் உறைச்சுது, நான் மாத்தினது வால மட்டும்தான்.

நம்ம இலக்கணத்துல தன்மை முன்னிலை படர்க்கைன்னு மூணா பிரிச்சு வெச்சிருக்கறதால கோணம்னாலே இந்த மூணுல ஒண்ண எடுக்கறதுன்னு தோணிடுது. 1972ல ழெரார் ழெனெத்ங்கற பிரெஞ்சு ஆய்வாளர் ரெண்டு கேள்வியப் பிரிச்சுக் காட்டினார்: யார் பேசறாங்க, யார் பாக்கறாங்க. பேசறது ஒருத்தரா இருக்கலாம், பாக்கற கண்ணு இன்னொருத்தரோடதா இருக்கலாம். 'அவள்'னு எழுதிக்கிட்டே அவ மண்டைக்குள்ள உக்காந்திருக்கலாம், 'நான்'னு எழுதிக்கிட்டே முப்பது வருஷம் தள்ளி நின்னு, அன்னைக்கு இருந்த முட்டாள் நான வேடிக்கையும் பாக்கலாம். அதனால வால் எதுங்கறது ரெண்டாவது கேள்விதான். மொதக் கேள்வி, இந்த சீன்ல எந்த விஷயம் யாருக்குத் தெரியக்கூடாது?

என் கதையில வெச்சே சொல்றேன். ரெண்டு வருஷம் கழிச்சு மாலதி அப்பா வீட்டு வாசல்ல நிக்கறா, பையில பத்திரம். அப்பா சிவராமன் கதவத் திறக்கறார். அவருக்கு ஞாபகம் தப்ப ஆரம்பிச்சிருக்கு, மகளோட பேரு வரல. அத மறைக்கறார். இவ்வளவுதான் சீன்.

'நான்' வழியில:

"மூன்றாவது முறை மணி அடித்த பிறகுதான் கதவு திறந்தது. 'வாம்மா' என்றார் அப்பா. அந்த ஒரு வார்த்தையில் இரண்டு வருஷக் கோபம் கரைந்தது. ஆனால் அவர் கண் என் முகத்தில் நிலைக்கவில்லை, பையிலேயே இருந்தது. பத்திரம் கொண்டுவந்திருப்பது தெரிந்துவிட்டதோ?"

இங்க 'வாம்மா' பாசம், பார்வை சந்தேகம். ரெண்டையும் அவ தப்பாப் படிக்கறா. 'நான்'ல கிடைக்கற பெரிய லாபமே இந்தத் தப்புதான்னு நான் நினைக்கறேன். நெருக்கம் கிடைக்கும், குரல் கிடைக்கும்னு எல்லாரும் சொல்லுவாங்க, அது சரிதான், ஆனா நெருக்கம் 'அவள்'லயும் கிடைக்கும். ஒருத்தி தான் பாத்தத வெச்சு ஒரு முடிவுக்கு வந்து, அத உறுதியா நம்மகிட்ட சொல்லி, நாமளும் நம்பி, நூறு பக்கம் கழிச்சு அய்யோன்னு ஆகறது 'நான்'லதான் முழுசா நடக்கும். தெரிஞ்சே ஏமாத்தற 'நான்'களும் உண்டு, 1926ல அகதா கிறிஸ்டி ரோஜர் ஆக்ராய்ட் கொலை நாவல்ல கதை சொல்றவரையே வெச்சு பண்ணினது அதத்தான் (நூறு வருஷப் பழசு, இதுக்கெல்லாம் ஸ்பாய்லர் எச்சரிக்கை கேக்காதீங்க). இந்த மாதிரி நம்பத்தகாத கதைசொல்லிக்கு வெய்ன் பூத்ங்கற அமெரிக்க விமர்சகர் ஒரு பேர் வெச்சதே 1961லதான், சரக்கு அதுக்கு ரொம்ப முன்னாடியே ஓடிக்கிட்டிருந்துச்சு.

நமக்கு இது இறக்குமதியும் இல்ல. அகப்பாட்டு எல்லாமே யாரோ ஒருத்தர் வாயில இருந்துதான் வருது, தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்றுன்னு குறிப்பே போட்டு வெச்சிருக்காங்க, பேரு சொல்லக்கூடாதுன்னு தொல்காப்பியத்துல விதிவேற. குறுந்தொகை 25ல கபிலர் பண்ணியிருக்கறதப் பாருங்க, அவன் என்னக் கூடின அன்னைக்கு சாட்சின்னு யாரும் இல்ல, ஒரு குருகுதான் (கொக்கு மாதிரி பறவை) இருந்துச்சு, அதுவும் ஓடற தண்ணியில ஆரல் மீனப் பாத்துக்கிட்டிருந்துச்சுங்கறா தலைவி. நடந்தது தெரிஞ்சது ரெண்டே பேருக்கு, ஒருத்தன் பொய் சொல்லிடலாம், இன்னொருத்தி புலம்பறா, மூணாவதா இருந்த கண்ணுக்கு இது அக்கறையே இல்ல. அதே விஷயத்த மேல இருந்து எல்லாம் தெரிஞ்ச ஒருத்தர் சொல்லியிருந்தா அவளோட பயமே காணாமப் போயிருக்கும்.

'நான்'ல தமிழுக்குன்னு சில வசதி இருக்கு, எழுதறவங்க அத சரியாப் பயன்படுத்தறதில்லன்னு எனக்கு ஒரு ஆதங்கம். 'போனேன்'ல வர்ற 'ஏன்' விகுதியில ஆண் பெண் தெரியாது, அதனால சொல்றது யாருன்னு பத்துப் பக்கம் வரைக்கும் மறைக்கலாம், அதையே தலைகீழாப் பாத்தா, நீங்க மறைக்க நினைக்காட்டியும் மறைஞ்சிரும், சொல்றது பொண்ணுன்னு உங்களுக்குத் தெரியும், வாசகர் அஞ்சு பக்கம் ஆம்பளைன்னு நினைச்சுப் படிச்சிட்டு இருப்பார். நாங்கள், நாம்னு ரெண்டு இருக்கு, ஒரு தெருவே சேந்து சொல்ற மாதிரி கதை எழுதும்போது 'நாங்கள்'னா வாசகர் வெளியாள், 'நாம்'னா அவரும் கூட்டத்துல ஒருத்தர், நடந்த தப்புல அவருக்கும் பங்கு. இந்த ஒரு சொல் வித்தியாசத்துல கதையோட அறமே மாறும். அப்புறம் 'ஆம்'. விழுந்துட்டாராம், யார்கிட்டயும் சொல்லலயாம், டாக்டரும் சிரிச்சாராம். தான் இல்லாத எடத்துல நடந்தத 'நான்' சொல்றதுக்கு இத விட நல்ல கருவி கிடையாது, ஏன்னா சேதியும் வருது, சேதி கைமாறி வந்ததுங்கறதும் வருது, சொன்னவங்க மேல இவளுக்கு நம்பிக்கை இருக்கா இல்லையாங்கறதும் லேசா வருது. என்னோட மூணு கதவுல ரெண்டு இந்த 'ஆம்' போட்டதும் காணாமப் போச்சு, அடுத்த வீட்டு அம்மா வந்து சொல்லிட்டுப் போயிட்டாங்க, அவங்க சொல்ற விதத்துல கதைக்கு ஒரு ஆளும் கிடைச்சாங்க.

சரி, 'அவர்' பக்கம் வருவோம். அதே வாசல், இப்ப அப்பாவோட தலைக்குள்ள இருந்து:

"வாசலில் ஒரு பெண். தன் அம்மாவின் மூக்கு அப்படியே அவளுக்கு. பெயர் மட்டும் வரவில்லை. 'மா'வில் ஆரம்பிக்கும். மாதவியா, மாலாவா. கையில் பை வைத்திருக்கிறாள், தங்குவாள் போல. பெயர் தெரியாமலே ஒரு பெண்ணை வீட்டுக்குள் கூப்பிட ஒரு வழி இருந்தது. 'வாம்மா' என்றார்."

அதே 'வாம்மா'தான். அங்க பாசமா இருந்தது இங்க தப்பிக்கற வழி. இங்க ரகசியம் வாசகர்கிட்ட மொத வரியிலயே போயிடுது, அதுக்குப் பதிலா மகள் எப்பக் கண்டுபிடிப்பாளோங்கற பதைப்பு வருது. ரகசியத்த வெச்சு எழுதணுமா பதைப்ப வெச்சு எழுதணுமாங்கறதுதான் இங்க உண்மையான தேர்வு, ரெண்டும் ஒரே சீன்ல முழுசாக் கிடைக்காது, எனக்குத் தெரிஞ்சு ரெண்டுக்கும் ஆசப்பட்டவங்க ரெண்டையும் விட்டிருக்காங்க, என்னையும் சேத்துதான்.

அந்தப் பத்தியில 'தன் அம்மாவின்'னு ஒரு வார்த்தை இருக்கு பாருங்க. 'அவர் அம்மாவின் மூக்கு'ன்னு மொதல்ல எழுதியிருந்தேன். படிச்சா யாரோ வெளிய நின்னு சிவராமனைப் பத்திச் சொல்ற மாதிரி இருந்துச்சு. எந்த மனுஷனும் தன்ன 'அவர்'னு நினைக்கமாட்டான். 'தன்' போட்டதும் கேமரா தலைக்குள்ள போயிடுச்சு. ஒருத்தரோட தலைக்குள்ள இருந்து படர்க்கையில எழுதும்போது தான், தன், தனக்கு மூணும்தான் பிடிமானம், இதத் தூக்கிட்டு எல்லா எடத்துலயும் அவர் அவர்னு போட்டீங்கன்னா வாக்கியம் சரியாத்தான் இருக்கும், தூரம் கூடிடும்.

மரியாதையும் அதே மாதிரிதான். அவன், அவர்னு எதப் போட்டாலும் சொல்றவர் எங்க நிக்கறார்னு காட்டிக்குடுத்துடும், மத்த சில மொழிக்காரங்களுக்கு இந்தத் தொல்லை இல்ல. மாலதியோட கண்ணுல இருந்து எழுதினா சிவராமன்ங்கற பேரே வரக்கூடாது, 'அப்பா'தான், 'வந்தார்'தான். அவளே வீட்டுத் தரகரப் பத்தி நினைக்கும்போது மனசுக்குள்ள 'வந்தான்', வாய்விட்டுப் பேசும்போது 'வாங்க சார்'னு இருந்தா அதுவே ஒரு குணச்சித்திரம். ஆனா கதைசொல்லி யாருமில்லாத பொதுக்குரல்ல எழுதிக்கிட்டே ஒரே வயசு ரெண்டு ஆம்பளைல அதிகாரிக்கு 'வந்தார்', காவல்காரருக்கு 'வந்தான்' போட்டீங்கன்னா அது கேரக்டர் தலையில விழாது, நேரா உங்க தலையிலதான் விழும். 'நான்'ல எழுதினா அந்த 'வந்தான்' அவளோட திமிர்னு தப்பிச்சுக்கலாம். பொதுக்குரல்ல தப்பிக்க எடமே இல்ல.

இந்த நெருக்கமான படர்க்கையில ஒரு ஆபத்தும் இருக்கு, பழைய ஆபத்து. பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேர் 'மதாம் பொவாரி' நாவல்ல நாயகி எம்மாவோட நினைப்ப 'என்று நினைத்தாள்' போடாமலே கதைசொல்லியோட வாக்கியமா ஓட விட்டார், 1857ல வழக்கு வந்தப்ப அரசு வக்கீல் அவளோட மயக்கத்த எழுத்தாளரே கொண்டாடற மாதிரி எடுத்துக்கிட்டுக் குத்தம் சொன்னார், கடைசியில ஃப்ளோபேர் விடுதலை ஆனார்ங்கறது வேற கதை. இன்னைக்கும் அதே சண்டைதான் நடக்குது, கேரக்டர் நினைச்சத எழுத்தாளர் சொன்னதா ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடறாங்க. அதுக்காக ஒவ்வொரு வரிக்கும் 'என்று நினைத்தாள்' போட்டு வேலி கட்ட ஆரம்பிச்சா கதை மூச்சு முட்டிடும். நான் என்ன பண்றேன்னா, ஒரு பத்தி மொத வரியில மட்டும் யாரு தலைங்கறத ஒரு செயலால நிறுத்திட்டு (பைய எடுத்தாள், நாற்காலியத் தேடினாள்) அதுக்கப்புறம் விட்டுடறேன்.

எல்லாம் தெரிஞ்ச கதைசொல்லி, அதாவது சர்வஞானக் கோணம். பழசு, பாட்டி கதை சொல்ற மாதிரி ஆயிடும், யாரும் எழுதறதில்லன்னு ஒரு பேச்சு இருக்கு, எனக்கு உடன்பாடு இல்ல. அதே சீன்:

"அடுத்த மூன்று நாளில் அவர் அவளை ஒருமுறைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிடப் போவதில்லை. அதை அவள் கவனிக்கப்போவது திரும்பிப் போகும் பஸ்ஸில், கையெழுத்து வாங்கிய பத்திரம் மடியில் இருக்கும்போது. இப்போதைக்கு அவர் 'வாம்மா' என்றார், அவள் உள்ளே போனாள், இருவருக்கும் நிம்மதியாக இருந்தது."

மூணு நாள மூணு வாக்கியத்துல தாண்ட முடியுது, ரெண்டு பேருக்கும் நிம்மதி வேற வேற காரணத்துக்குங்கறத ஒரே வரியில வெக்க முடியுது. மத்த எந்தக் கோணத்துலயும் இது வராது. ஆனா இதுக்கு அந்தச் சொல்ற குரலே ஒரு ஆளா இருக்கணும், அதுக்கு ஒரு நிதானம், ஒரு கிண்டல், எதச் சொல்லணும் எத அடக்கணும்ங்கற கணக்கு வேணும். அது இல்லாம வெறுமனே எல்லார் மனசுக்குள்ளயும் பூந்து பூந்து வந்தா அதுக்குப் பேர் சர்வஞானம் இல்ல, தலைதாவல். மொத நாவல் எழுதறவங்களுக்கு நான் இத சிபாரிசு பண்ண மாட்டேன், வசதி அதிகம்ங்கறதாலதான், எல்லாக் கதவும் தொறந்திருந்தா எதுக்குள்ள போகக்கூடாதுன்னு யாரு சொல்றது.

தலைதாவலக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி இருக்கு, தமிழ்ல எழுதறவங்களுக்குக் கிடைச்ச சலுகைன்னு நினைக்கறேன். நம்ம மொழியில மனசுக்குள்ள நடக்கறது பெரும்பாலும் 'க்கு'லதான் வரும், அவளுக்குத் தோணுச்சு, அவருக்கு வலிச்சுது, அவளுக்குப் பிடிக்கல, அவருக்கு ஞாபகம் வந்துச்சு. ஒரு சீன எடுத்துக்கிட்டு இந்த மாதிரி 'க்கு' எல்லாத்தையும் கலர் பண்ணுங்க. எல்லாம் ஒரே ஆளோடதா இருந்தா சரி. ரெண்டு ஆளோடது கலந்து கிடந்தா, சர்வஞானக் குரல வேணும்னே எடுத்திருந்தா ஒழிய, நீங்க தாவியிருக்கீங்க. மத்தவங்களோட 'க்கு'வுக்கு ஒரு 'போல' சேத்துடுங்க, அவருக்கு வலிக்குது போலிருந்தது, இல்லன்னா வலிய வெளிய தெரியற மாதிரி மாத்துங்க, நாற்காலிக் கைப்பிடிய இறுக்கிப் பிடிச்சார்னு. என் மொத டிராஃப்ட்ல ஒரு பக்கத்துல பதினோரு 'க்கு', அதுல நாலு அப்பாவோடது. மாலதிதான் பாக்கறான்னு நான் சத்தியம் பண்ணியிருப்பேன்.

வந்தார் போனார் இன்னும் நைசா காட்டிக்குடுக்கும். "அப்பா சமையலறைக்குள் போனார்"னா நாம ஹால்ல மாலதியோட இருக்கோம். "அப்பா சமையலறைக்குள் வந்தார்"னா நாம ஏற்கெனவே அங்க இருக்கோம், அவ அங்க இருந்தா சரி, இல்லன்னா யார் இருக்கறது? நான் பத்து எடத்துலயாவது இந்தத் தப்பப் பண்ணியிருந்தேன், அதுல ரெண்டு எடத்துல திருத்தாம விட்டுட்டேன், ஏன்னா ஆளில்லாத ரூமுக்குள்ள அவர் 'வந்தார்'னு படிக்கும்போது ஏதோ திகிலா நல்லா இருந்துச்சு.

'நீ' பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல. "நீ மணியடிக்கிறாய், கதவு திறக்கிறது, பெயர் சொல்லாமல் உன்னை உள்ளே கூப்பிடுகிறார்கள்"னு நாலு பக்கம் சிறுகதைக்கு நல்லா ஓடும், குத்த உணர்ச்சியில ஒருத்தி தன்னையே கூண்டுல ஏத்திக் கேள்வி கேக்கற மாதிரி. நாவலுக்கு இழுத்தா பெரும்பாலும் வித்தை காட்டற மாதிரி ஆயிடும். மிஷேல் புத்தோர்ங்கற பிரெஞ்சு எழுத்தாளர் 1957ல ஒரு முழு நாவலையே ரயில்ல போற ஒருத்தன முன்னிலையில கூப்பிட்டு எழுதிக் காட்டினார், அவர் எடுத்தது 'நீ' இல்ல, பிரெஞ்சுல மரியாதை முன்னிலையான 'வூ'. நமக்கும் அதே கேள்வி வரும். 'நீ'ன்னா மனசாட்சி பேசற மாதிரி இருக்கும், 'நீங்க'ன்னா விசாரணை அதிகாரி பேசற மாதிரி இருக்கும். ரெண்டையும் ஒரு பத்தி எழுதிப் பாக்காம முடிவெடுக்காதீங்க.

கேமரா மாதிரி வெளிய மட்டும் பாத்து எழுதறதும் உண்டு, யாரு மனசும் கிடையாது, பேச்சும் அசைவும் மட்டும். பயிற்சிக்கு ரொம்ப நல்லது. என் வாசல் சீனுக்கு ஒத்துவரல, பேரு மறந்தத வெளிய இருந்து காட்ட வழியில்ல.

பல பேர் கோணம் மாத்தி மாத்தி எழுதறதுதான் இப்ப எல்லாருக்கும் ஆசை. அமெரிக்க எழுத்தாளர் ஃபாக்னர் 1930ல 'ஏஸ் ஐ லே டையிங்' நாவல்ல பதினஞ்சு பேர 59 அத்தியாயத்துல பேச விட்டார், செத்துப்போன அம்மாவுக்கும் ஒண்ணு குடுத்தார். அதப் படிச்சிட்டு எனக்கும் ஆசை வந்து தரகருக்கு ஒரு அத்தியாயம் எழுதினேன், நல்லா சிரிப்பா வந்துச்சு, கதைக்கு ஒண்ணும் சேக்கல. இப்ப நான் வெச்சிருக்கற கணக்கு இதுதான்: ரெண்டாவது ஆளுக்கு அத்தியாயம் குடுக்கணும்னா, மொத ஆள் தப்பாப் புரிஞ்சுக்கிட்ட ஏதோ ஒண்ணு அவர்கிட்ட இருக்கணும். அவர்கிட்ட கூடுதல் தகவல் மட்டும் இருந்தா அதுக்கு ஒரு ஃபோன் கால் போதும். அத்தியாயம் மாறும்போதுதான் கோணம் மாறணும், சீனுக்கு நடுவுல வேண்டாம், மாறின ரெண்டாவது வரிக்குள்ள யாருன்னு தெரிஞ்சிடணும், தலைப்புல பேரு போட்டா மட்டும் பத்தாது, தலைப்ப யாரும் படிக்கறதில்ல.

எதத் தேர்ந்தெடுக்கலாம்னு என்னக் கேட்டா, மொத நாவல்னா ஒரே ஆளோட நெருக்கமான படர்க்கை, கண்ண மூடிக்கிட்டு. 'நான்' எடுக்கறதுக்கு ரெண்டு காரணம்தான் ஒத்துக்குவேன், அவ பேசற விதமே கதைன்னா, இல்ல அவ தப்பாப் புரிஞ்சுக்கறதே கதைன்னா. 'நான்'னு எழுதினா சரளமா வருதுங்கறது காரணம் இல்ல, சரளமா வரது பெரும்பாலும் நம்ம குரல்தான், அவளோடது இல்ல. சந்தேகம் இருந்தா முதல் அத்தியாயத்த எழுதாதீங்க, கதையில கஷ்டமான சீன், அதாவது உண்மை உடையற சீன் எதுவோ அத ரெண்டு வழியில ஒவ்வொரு பக்கம் எழுதிப் பாருங்க. முதல் அத்தியாயம் எந்தக் கோணத்துலயும் நல்லாத்தான் இருக்கும், நான் ஏமாந்ததே அங்கதான்.

நான் கடைசியா நின்ன எடம் ரெண்டு பேர். மாலதிக்கு 'நான்' திரும்பக் கிடைச்சிடுச்சு, ரெண்டு வார உழைப்பு போச்சு, பரவால்ல, அவ தப்பாப் புரிஞ்சுக்கறதுதான் கதைன்னு ஆயிட்டதால. அப்பாவுக்கு நாலு சின்ன அத்தியாயம், படர்க்கையில, 'தன்' போட்டு. மூணாவது கதவு மட்டும் இருக்கு, ஆனா இப்ப அதுக்குப் பின்னாடி நிக்கறது அவர், அவ ஃபோன்ல தன்னப் பத்திப் பேசறதக் கேட்டு அந்தப் பொண்ணோட பேரு வருமான்னு காத்துக்கிட்டிருக்கார், தன் பேரையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டு யாரு ஃபோன் பேசுவாங்க. அவ அத்தியாயத்துல சிவராமன்ங்கற பேரு எங்கயுமே கிடையாது. அவர் அத்தியாயத்துல மாலதிங்கற பேரு ஒரே ஒரு தடவ வருது, கடைசிக்கு முந்தின பக்கத்துல, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கண்ணாடிய மாட்டிக்கிட்டு, பத்திரத்துல அச்சடிச்சிருக்கறத அவர் எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது.